டைனமோ இறங்கி வந்த பங்குனி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கடிதம். அதை எழுதியவன் நான்தான். கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. எனக்கு எதையும் அவ்வளவு நேரம் மறைக்கத் தெரியாது. அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

1974, ஐப்பசி. நான் அப்போது பாலக்காட்டுப் பக்கம் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. கல்பாத்திக்காரன். நான்கு வருஷம் மலைமேல் சித்திரபுரத்துக் குளிரில் வேலை பார்த்துவிட்டுக் கீழே மாற்றலாகி வந்திருந்தேன். நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, ஊரிலிருந்து ஒதுங்கித் தோட்டத்துக்குள் வீடு கட்டியிருந்த சென்னியப்பன் என்ற விவசாயி, மின்சாரம் கேட்டு மனு கொடுத்திருந்தார். லைன் போகும் பாதையிலிருந்து அவர் வீடு வெகு தூரம். பத்தொன்பது கம்பம் நட வேண்டும், கம்பச் செலவை மனுதாரர் முன்கூட்டியே கட்டினால் பரிசீலிக்கலாம் என்று மேலதிகாரி சொன்னார். நான் அதை அழகான மலையாளத்தில் எழுதி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் அவரே அந்தக் கடிதத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல உயரம். தோளில் துண்டு, கையில் டீசல் வாசனை.

"ஏனுங்க சார், இந்தக் கடுதாசியக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? மலையாளம் பேச்சு வரும், எழுத்துக் கூட்ட வராதுங்க."

என் கடிதத்தை நானே உரக்கப் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். எழுதும்போது விறைப்பாக நின்ற வாக்கியங்கள் எல்லாம், ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துப் படிக்கும்போது அசடு வழிந்தன.

"பத்தொம்பது கம்பமுங்களா?"

"ஆமாம்."

"இத எழுதுனது ஆருங்க?"

"நான்தான். ஆனா, சொன்னவா மேலே இருக்கா."

அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். "கையெழுத்து மணிமணியா இருக்குதுங்க" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பங்குனிக்குள்ள வேற வழி ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க சார். எம் புள்ள ஊட்டுக்கு வரணும்" என்றார்.

2

இதற்கு முன் நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்களையும் நீங்கள் பார்த்துவிடுவது நியாயம்.

'மேற்கு மலைத்தொடரில் இயற்கை திறந்து வைத்த வாசலே பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே ஆண்டுக்கு இருமுறை—'

பூகோளப் பாடம். அடித்துவிட்டேன்.

'நாச்சம்மாள் அன்று காலை எழுந்தபோது, தன் வாழ்க்கை மாறப்போகிறது என்று அவளுக்கு—'

நாச்சம்மாள் சென்னியப்பனின் மனைவி. காலையில் எழுந்தால் மூன்று எருமை கறக்க வேண்டும். வாழ்க்கை மாறுவதைப் பற்றி யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? இதையும் அடித்தேன்.

உண்மையான தொடக்கம் பொள்ளாச்சியில், மகளின் புகுந்த வீட்டில் இருக்கிறது. மகள் கமலாத்தாளுக்கு இது தலைப்பிரசவம், சித்திரைக் கடைசியில் நாள். தாய் வீட்டுக்கு அழைத்து வருவதைப் பற்றிப் பேச சென்னியப்பனும் நாச்சம்மாளும் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மருதாத்தாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அங்கே நான்கு இறக்கை விசிறி ஒன்று தொங்கியது.

"எங்க ஊட்டுல காத்தாடிக்கடியில இருந்து பழகுன புள்ளைங்க. சித்திர வெயில்ல உங்க தோட்டத்து ஊட்டுல கொண்டி வெச்சு வேக வெக்கறதுங்களா? பிரசவம் இங்கயே நடக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க, சம்பந்தி."

நாச்சம்மாள் தலை குனிந்துகொண்டாள். சென்னியப்பன் தலை குனியவில்லை. அதுதான் வம்பு.

"பங்குனிக்குள்ள எங்க ஊட்லயும் காத்தாடி சுத்துமுங்க" என்று சொல்லிவிட்டார்.

"சுத்துனா நானே புள்ளயக் கூட்டியாந்து உட்டுட்டுப் போறனுங்க" என்றாள் மருதாத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோபாலபுரம் தாண்டும்வரை நாச்சம்மாள் பேசவில்லை. தாண்டியதும் பேசினாள். "கரண்டே இல்லாத ஊட்டுல காத்தாடி எப்படிச் சுத்துமுங்க? நீங்க வாயில ஊதுவீங்களா?"

(அந்தப் பஸ்ஸில் நான் இல்லை. இதை எனக்குச் சொன்னது நாச்சம்மாள். சொல்லும்போதுகூட அந்தக் கோபம் ஆறியிருக்கவில்லை.)

3

மரியஜோசப்பை நான் இரண்டு முறை தவறாக எழுதினேன்.

மின்சாரம் வராத வீட்டுக்கு என்ன வழி என்று யோசித்தபோது எனக்கு நினைவு வந்தவர் அவர்தான். சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். அவர் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீட்டில் கரண்ட் கிடையாது. தகரத்தை வெட்டி இறக்கை செய்து, சைக்கிள் டைனமோவோடு சேர்த்துக் கூரைமேல் வைத்து, அந்தக் காற்றில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்று நானும் அதில் செய்தி கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். (இது தமிழில். இதில் கம்பம் எதுவும் இல்லை.)

முதல் வரைவில் அவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். கதைகளில் வரும் மெக்கானிக்குகள் குடிப்பார்கள், நடுவில் கோபித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள், கதைக்கு ஒரு முடிச்சு கிடைக்கும். ஆனால் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டது சுக்குக் காப்பி. "பதினாறு வருசமா டீக்குள்ளயே கெடக்கேன் சார். அந்த வாசனையே ஆகாது" என்றார். இரண்டாம் வரைவில் முன்பணத்தோடு தலைமறைவாகும் ஏமாற்றுக்காரராக்கிப் பார்த்தேன். அவர் முன்பணமே வாங்கவில்லை. வருஷ லீவு பதினைந்து நாளைப் போட்டுவிட்டு, மனைவி ரோசி கொடுத்தனுப்பிய ஏலக்காய்ப் பொட்டலத்தோடு வந்திருந்தார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முடிச்சுத் தேடுவது?

அது கார்த்திகைக் கடைசி. விருச்சிகக் காற்று என்று எங்கள் பக்கம் சொல்லும் கிழக்குக் காற்று, பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மரியஜோசப் தோட்டத்து நடுவில் நின்றார். வேட்டி ஒரு பக்கம் பறந்தது, துண்டு ஒரு பக்கம் பறந்தது.

"அண்ணாச்சி, இவ்வளவு காத்தையும் சும்மாவா உட்டு வெச்சிருக்கீக?" என்று சென்னியப்பனைப் பார்த்துக் கத்தினார். காற்றில் கத்தினால்தான் கேட்கும்.

"புடிச்சு வெக்க முடியுமுங்களா மேஸ்திரி?"

"முடியும். பேட்டரிக்குள்ள."

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூவரும் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். லாரி டைனமோ ஒன்று, லாரி பேட்டரி இரண்டு, பஸ் டிரைவர் தலைக்கு மேல் சுழலும் சின்ன விசிறி ஒன்று, சின்ன பல்புகள் நான்கு. விசிறிக்கு இறக்கை மூன்றுதான். சென்னியப்பன் கடைக்காரரிடம், "நாலு எறக்கையில இல்லீங்களா?" என்று கேட்டார். மருதாத்தாள் வீட்டு விசிறி அவர் மனதில் சுழன்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

தேக்குப் பலகையில் மரியஜோசப் மூன்று பெரிய இறக்கைகளை இழைத்தார். மூன்று பனந்தடிகளை முக்காலிபோல நிறுத்தி, உச்சியில் சக்கரத்தையும் டைனமோவையும் ஏற்றினார். மார்கழி இரண்டாம் வாரத்தில் அது சுற்றியது. வீட்டுக்குள் பல்பு மஞ்சளாக எரிந்தது. நாச்சம்மாள் பல்பைப் பார்க்கவில்லை. நேரே விசிறிக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டாள். உடனே தும்மினாள். மார்கழிக் குளிரில் விசிறி!

4

இந்தப் பகுதியில் கணக்கு வருகிறது. வேண்டாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவிவிடலாம். நான் வருத்தப்பட மாட்டேன், சித்திரபுரத்தில் இருந்தபோது நான் எழுதியதைப் படித்த என் மனைவியும் இப்படித்தான் தாவுவாள்.

சென்னியப்பனிடம் ஏற்கெனவே ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. ஐந்து குதிரை சக்தி. தினமும் காலையில் மூன்று மணி நேரம் ஓடிக் கிணற்றுத் தண்ணீரைக் கடலைக் காட்டுக்கும் தென்னைக்கும் இறைக்கும். அந்த வருஷம் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில், அவர் எஞ்சினை நிறுத்தும்போது காதைத் தொட்டுக் கும்பிடுவார் என்று நாச்சம்மாள் சொல்வாள். காற்றுக்கு விலை இல்லை. ஆக, காற்றே சிக்கனம். இப்படித்தான் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன்:

'வெப்ப நாடுகளில் இல்லங்களுக்குக் காற்றே உகந்த—'

மாசி மாதம் அந்த வாக்கியத்தின் கழுத்தைத் திருகியது.

விஷயம் இதுதான். எங்கள் கணவாயில் காற்று அடிப்பது ஆனி முதல் ஆவணி வரை, பிறகு கார்த்திகை முதல் தை வரை. முதலாவது மழைக்காலம், இரண்டாவது பனிக்காலம். இரண்டிலும் யாருக்கும் விசிறி வேண்டாம். விசிறி வேண்டியது பங்குனியிலும் சித்திரையிலும். அப்போது பனை ஓலை ஒன்றுகூட அசையாது. அசையாததால்தானே அவ்வளவு வெக்கை! வெயில் நாட்டில் காற்றை நம்பி விசிறி போடுபவன், மழை நாளில் மட்டும் திறக்கிற குடைக்கடையைக் கோடையில் தேடிப் போகிறவன்.

சரி, டீசல்? எஞ்சின் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய். அந்தச் சின்ன விசிறிக்கு வேண்டியது அதன் சக்தியில் நூறில் ஒரு பங்குதான். ஐந்து குதிரையைப் பூட்டி ஒரு தபால் கார்டை இழுப்பதுபோல.

ஆக, காற்று இலவசம், ஆனால் வராது. டீசல் வரும், ஆனால் கட்டாது. என் நோட்டுப் புத்தகத்தில் இந்த இரண்டு வரியையும் எழுதி, அடியில் கோடு போட்டு, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

5

பங்குனி ஐந்து. மருதாத்தாளிடமிருந்து கார்டு வந்தது. பதினெட்டாம் தேதி காலையில் கமலாத்தாளோடு வருகிறாள். 'காத்தாடியைப் பார்த்துவிட்டு, விடுவதா திரும்ப அழைத்துப் போவதா என்று முடிவு செய்யலாம்.'

பனந்தடி முக்காலியின் உச்சியில் தேக்கு இறக்கைகள் அசையாமல் நின்றன. ஒரு காக்கை அதில் கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

மரியஜோசப்புக்குத் தந்தி கொடுத்தேன். பதினைந்தாம் தேதி நான்கு நாள் லீவில் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் கிணற்றடி வேப்ப மரத்தின் கீழ் உட்கார்ந்து விவாதித்தோம். இந்த இடத்தை உரையாடலாகவே தருகிறேன், அழகுபடுத்தினால் கெட்டுவிடும்.

"இன்னொரு டைனமோ வாங்கிப் போடணும் அண்ணாச்சி. அத எஞ்சின்ல மாட்டிரலாம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"அதுக்கு எங்க போறதுங்க மேஸ்திரி? இருந்தது பூராவும் இதுல போயிருச்சு. எருமையத்தான் விக்கோணும்."

"எருமையை விக்க வேண்டாம். நான் ஆபீஸ்ல லோன் கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க சார். நீங்க கடுதாசி எழுதுனதுக்கே இத்தன தொந்தரவு."

நாச்சம்மாள் சற்றுத் தள்ளி, வாசல் ஓரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா? மேல இருக்கற டைனமோ இப்ப என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல தாயி. காத்து இல்லையே."

"காக்கா முட்டைய அடகாத்துட்டு இருக்குதுங்க. அத எத்தன போல்ட்டுல மாட்டியிருக்கறீங்க?"

"நாலு."

"நாலு போல்ட்டக் கழட்டிக் கீழ கொண்டாங்க. எஞ்சின்ல மாட்டுங்க. ஆனி பொறந்தா மறுக்கா மேல ஏத்திக்கலாம். நான் மழைக்கு உள்ள சமைக்கறன், வெயிலுக்கு இந்த அடுப்ப வெளிய வெச்சுச் சமைக்கறன். அதுக்குன்னு ரெண்டு சோத்துப் பானையா வாங்கி வெச்சிருக்கறன்?"

மரியஜோசப் முக்காலியின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"காத்தாடிக்குன்னு எண்ணெ எரிக்கோணும்னு வேற வெசனப்படறீங்க" என்று அவள் தொடர்ந்தாள். "தண்ணிக்குத்தான் தெனமும் மூணு மணி நேரம் ஓடுதே? ஓடறப்பவே இதையும் சேத்திச் சுத்தட்டும். தண்ணி பாட்டுக்கு வாய்க்கால்ல போகட்டும், கரண்டு பாட்டுக்குப் பேட்டரிக்குப் போகட்டும்."

மரியஜோசப் எழுந்து போய் எஞ்சினைச் சுற்றி வந்தார். அதற்கு இரண்டு பக்கமும் கனமான சக்கரம் உண்டு. ஒரு பக்கத்துச் சக்கரத்திலிருந்து பட்டை பம்புக்குப் போனது. மறுபக்கத்துச் சக்கரத்தில் ஒரு பழைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாறு வருசமா மெசினோட கெடக்கேன்" என்றார். "இது எனக்குத் தோணலையே, சார்!"

எனக்கும் தோன்றவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் காற்றும் டீசலும் தனித்தனிப் பக்கத்தில் இருந்தன.

(அடிக்குறிப்பு: நாச்சம்மாளுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு முன்கதை எழுதலாமா என்று யோசித்தேன். தேவையில்லை. அவள் அடுப்பைப் பார்த்தாள், டைனமோவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.)

அன்று மாலைக்குள் டைனமோ இறங்கியது. காக்கைக் கூட்டை மரியஜோசப் அலுங்காமல் எடுத்து வேப்பங்கிளையில் வைத்தார். காக்கை அவர் தலையில் இரண்டு கொத்து கொத்தியது. மறுநாள் காலை எஞ்சின் வழக்கம்போலத் தண்ணீருக்காக ஓடியது. எண்ணெய் கூடுதலாகச் செலவானது கண்ணுக்குத் தெரியாத அளவு. மத்தியானம் விசிறி சுழன்றது. சென்னியப்பன் அதன் அடியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார்.

6

பதினெட்டாம் தேதி நானும் லீவு போட்டேன். காரணம் 'தலைவலி' என்று எழுதினேன்.

மருதாத்தாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டியில் வந்து சேரும்போது பதினொரு மணி. வெயில் வெள்ளையாக எரிந்தது. கமலாத்தாள் வயிற்றைத் தாங்கியபடி மெல்ல இறங்கினாள். நாச்சம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். ஆனால் 'வா' என்று சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருதாத்தாள் உள்ளே போய், நாற்காலியைத் தானே இழுத்து சுழலும் விசிறிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். மூன்று இறக்கைகளையும் அண்ணாந்து பார்த்தாள். சென்னியப்பன் சுவரோரம் நின்றார்.

"இது எந்நேரமும் சுத்துமுங்களா சம்பந்தி?"

இந்த இடத்தில் கதாசிரியனாக எனக்கு ஒரு ஆசை. சென்னியப்பன் 'சுத்துமுங்க' என்று ஒரு பொய் சொன்னால், பிறகு பேட்டரி தீர்ந்து, மானம் போகும் தறுவாயில்—

அவர் பொய் சொல்லவில்லை.

"இல்லீங்க. மத்தியானம் மூணு மணி நேரம். பொழுது எறங்குனா அஞ்சு மணி நேரம். அதுக்கு மேல சுத்தாதுங்க. காலைல எஞ்சின் ஓடுனாத்தான் மறுபடியும். உள்ளது இதுதானுங்க."

மருதாத்தாள் விரல் மடித்து எண்ணினாள். வாசலில் மாடு மணி ஆட்டியது கேட்டது. மரியஜோசப் ஜபமாலையைப் பாக்கெட்டுக்குள்ளேயே உருட்டினார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல நடித்தேன்.

"எட்டு மணி நேரமுங்களா?" என்றாள் கமலாத்தாள். "அத்தை, நம்மூட்டுல நேத்து எத்தன நேரம் சுத்துச்சு?"

"நீ சும்மா இரு அம்மிணி."

"ரெண்டு மணி நேரமுங்கப்பா. அங்க கரண்டு கட்டு. காலைலயும் இல்ல, மத்தியானமும் இல்ல. காத்தாடியில ஒட்டடைதான் ஆடுது. அத்தை தெனமும் முறத்துல வீசீட்டு உக்காந்திருக்கறாங்க. பாவமுங்க."

சென்னியப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மரியஜோசப் வெளியே போய்ச் சிரித்தார். சிரிப்பு உள்ளே கேட்டது. நாச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து மருதாத்தாள் கையில் கொடுத்தாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க. குடிங்க சம்பந்தி. முறத்துல வீசுனா கை வலிக்குமில்லீங்க."

மருதாத்தாள் மோரைக் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். கால்களை நீட்டினாள்.

"புள்ளைக்குத் துணையா நானும் ஒரு மாசம் இருந்துட்டுப் போறனுங்க" என்றாள். கண்ணை மூடி, அப்படியே தூங்கியும் போனாள்.

அப்போதுதான் நாச்சம்மாள் மகளை அணைத்துக்கொண்டாள். "வாடி எஞ்சாமி" என்றாள். கமலாத்தாள் அழுதாள். நாச்சம்மாளும் அழுதாள். சம்பந்தி விழித்துக்கொள்ளக் கூடாதே என்று இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

7

இதோடு நிறுத்தலாம். ஆனால் சித்திரை இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது சரியாகத் தெரியாது. நான் ஆபீஸில் இருந்தேன், வேறொருவருக்குக் கம்பம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சென்னியப்பன் சொல்வது: வலி எடுத்தது முதல் குழந்தை அழும்வரை விசிறி ஒரு சுற்றுக்கூட நிற்கவில்லை. அவர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாத நேரத்திலும் அதை ஓட்டினார். எண்ணெயைப் பற்றி நினைக்கவே இல்லை.

நாச்சம்மாள் சொல்வது: எஞ்சினா? அவருக்கிருந்த பதற்றத்தில் அதை ஸ்டார்ட் பண்ணவே கை வரவில்லை. பேட்டரி பாதியில் தீர்ந்தது. கடைசி ஒரு மணி நேரம் விசிறியது மருதாத்தாள்தான், ஓலை விசிறியால், கை மாற்றாமல்.

மருதாத்தாள் சொல்வது: விசிறியும் வேண்டாம், ஓலையும் வேண்டாம். சரியாக அந்த நேரத்துக்குக் கோடை மழை ஒன்று வந்தது. சன்னல் வழியாக வந்த காற்றில் வீடே குளிர்ந்தது. டைனமோ மட்டும் மேலே இருந்திருந்தால் பத்து வீட்டுக்குக் கரண்ட் எடுத்திருக்கலாம்.

மூவரும் உண்மை பேசுகிறவர்கள்தான். எதை எழுதுவது என்று பல வருஷம் யோசித்தேன், மூன்றையும் தனித்தனியே எழுதியும் பார்த்தேன். ஒன்றை எடுத்தால் மற்ற இருவரும் என்னோடு பேசமாட்டார்கள். நல்லேப்பிள்ளிப் பக்கம் எனக்கு இன்னும் சாப்பாட்டு வீடு அது ஒன்றுதான்.

ஆகவே நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓட்டுங்கள், ஓலையை வீசுங்கள், மழையை வரவழையுங்கள், அல்லது மூன்றையும் ஒரே மத்தியானத்தில் கலந்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை: பெண் குழந்தை, ஆறே கால் ராத்தல், தாயும் சேயும் சுகம். அதில் கை வைக்காதீர்கள்.